வானியல் வரலாற்று வினாவிடைப் போட்டி: கேள்வி எழுதுவதிலிருந்து கடைசிப் புள்ளி வரை, வன்னிப் பாடசாலைகளுக்கான முழு வழிகாட்டி

வினாவிடைப் போட்டியில் வரும் சண்டைகள் மண்டபத்தில் பிறப்பதில்லை. கேள்வித்தாள் எழுதிய மேசையிலேயே பிறந்துவிடுகின்றன. "தொலைகாட்டியைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று கேட்டுவிட்டு விடைத்தாளில் "கலிலியோ" என்று எழுதி வைத்திருப்பார்கள். மூன்றாவது மேசைப் பிள்ளை "லிப்பர்சே" என்று எழுதிக் கொடுக்கும். நடுவர் பிழை போடுவார். பிள்ளைதான் சரிக்குக் கிட்ட நிற்கிறது. 1608 ஒக்டோபரில் நெதர்லாந்தில் தொலைகாட்டிக்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்தவர் மூக்குக்கண்ணாடி செய்யும் ஹான்ஸ் லிப்பர்சே. சில வாரங்களில் இன்னொருவரும் அதையே கேட்டதால் உரிமம் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் செய்தி கேள்விப்பட்ட கலிலியோ தானே ஒன்றைச் செய்து வானத்துக்குத் திருப்பினார்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா எங்கேயென்றாலும், ஒரு பாடசாலையோ சனசமூக நிலையமோ ஒரு நாள் செலவழித்து நடத்தக்கூடிய போட்டிக்கான வழிமுறை இது. தரம் 9 முதல் உயர்தரம் வரை உள்ள மாணவர்களுக்கு ஏற்றது.

முதலில் வினைச்சொல்லைத் திருத்துங்கள்

தமிழில் "கண்டுபிடித்தார்" என்ற ஒரே சொல்லைப் பல வேலைக்கு வைத்திருக்கிறோம். புதிதாகச் செய்ததும் கண்டுபிடிப்பு, இருந்ததைப் பார்த்ததும் கண்டுபிடிப்பு, கணக்குப் போட்டு முன்கூட்டிச் சொன்னதும் கண்டுபிடிப்பு. வானியல் வரலாற்றில் இந்த மூன்றையும் பெரும்பாலும் மூன்று வேறு ஆட்கள் செய்திருக்கிறார்கள்.

நெப்டியூனை எடுங்கள். அது எங்கே இருக்கவேண்டும் என்று கணித்தவர் பிரான்சின் லெ வெரியே. இங்கிலாந்தில் அடம்ஸ் என்பவரும் தனியாகக் கணக்குப் போட்டிருந்தார். 1846 செப்டெம்பர் 23 இரவு பெர்லினில் அதைப் பார்த்துப் பிடித்தவர் யோகான் கோட்பிரீட் கால்லே. சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைகூட விலகாமல் கிடைத்தது. இதற்கும் முன்னே, 1612 டிசெம்பரில், கலிலியோ அதைப் பார்த்து விண்மீன் என்று நினைத்துக் குறித்திருக்கிறார். ஆகவே "நெப்டியூனைக் கண்டுபிடித்தவர் யார்?" என்ற கேள்விக்கு நான்கு பேர் வந்து நிற்பார்கள். "லெ வெரியே அனுப்பிய கணிப்பை வைத்து 1846-இல் பெர்லினில் நெப்டியூனைத் தொலைகாட்டியில் அடையாளம் கண்டவர் யார்?" என்று கேட்டால் ஒருவர்தான். அவருடைய பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் நம்முடைய காலி நகரத்தின் எழுத்துக்கள் அப்படியே வரும். பிள்ளைகள் பிறகு மறக்கமாட்டார்கள்.

"முதன்முதலில்" என்ற சொல்லும் இதே வகை. யுரேனசை வில்லியம் ஹேர்ஷல் 1781 மார்ச் 13 அன்று இங்கிலாந்தின் பாத் நகரில் கண்டார், முதலில் வால்வெள்ளி என்றே எண்ணினார். ஆனால் 1690-இலேயே பிளாம்ஸ்டீட் அதை விண்மீன் என்று பட்டியலில் போட்டுவிட்டார். நிலவைத் தொலைகாட்டியில் பார்த்து முதலில் வரைந்தவரும் கலிலியோ அல்ல. 1609 நடுப்பகுதியிலேயே இங்கிலாந்தின் தோமஸ் ஹேரியட் வரைந்தார். "முதன்முதலில்" வரும் ஒவ்வொரு கேள்வியையும் வெட்டி, ஆண்டையும் செயலையும் போட்டு மாற்றி எழுதுங்கள்.

எத்தனை கேள்வி, என்ன கலவை

ஆறு அணி, அணிக்கு நான்கு பேர் போதும். மண்டபத்துக்கு 40 கேள்வி, கையிருப்பாக 10, சமநிலை உடைக்க 3. கேள்வியை இரண்டு தரம் வாசிக்க 20 செக்கன், எழுத 30 செக்கன், தாள் சேர்க்க 20 செக்கன் என்று வைத்தால் 40 கேள்விக்கு ஏறத்தாழ 50 நிமிடம். விடை விளக்கத்தையும் சேர்த்தால் ஒன்றரை மணித்தியாலம் ஓடும்.

நாற்பதில் பத்து, வகுப்பில் படித்த எவரும் சொல்லக்கூடியவையாக இருக்கட்டும். இருபது யோசித்தால் வருபவை. கடைசிப் பத்துத்தான் அணிகளைப் பிரிக்கும். இந்த விகிதத்தைக் குழப்பி எல்லாவற்றையும் கடினமாக்கினால் இரண்டு அணி இரண்டாம் சுற்றிலேயே பேனையைக் கீழே வைத்துவிடும்.

ஆண்டை மட்டும் கேட்கும் கேள்வி மூன்றுக்கு மேல் வேண்டாம். மனப்பாடத்துக்குப் புள்ளி கொடுப்பதைவிடக் காரணத்துக்குக் கொடுப்பது நல்லது. "கோப்பர்நிக்கசின் நூல் வந்த ஆண்டு?" (1543) என்பதைவிட, "1610-இல் கலிலியோ வெள்ளியில் பார்த்த எந்த மாற்றம், புவியை நடுவில் வைத்த தொலமியின் அமைப்பால் விளக்கமுடியாமல் போனது?" என்பது மேல். விடை: வெள்ளி நிலவைப்போல முழு அளவு பிறைகளையும் காட்டியது. தொலமியின் அமைப்பில் அது எப்போதும் சூரியனுக்கு இப்பால் நிற்கும் என்பதால் முழுவட்டமாகத் தெரியவே வழியில்லை.

வழுக்கும் இடங்கள்

ஏற்கெனவே உங்களிடம் கேள்விக்கட்டு இருந்தால் கீழே உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடிக்கடி பிழையாக எழுதப்படுபவை இவை.

கெப்ளரின் மூன்று விதிகளும் ஒரே ஆண்டில் வரவில்லை. முதல் இரண்டும் 1609, மூன்றாவது 1619. "கெப்ளர் தன் விதிகளை வெளியிட்ட ஆண்டு?" என்ற கேள்வியே நிற்காது.

ஹாலி தன் பெயருள்ள வால்வெள்ளியைக் கண்டுபிடிக்கவில்லை. 1682-இல் பார்த்தார், பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு 1705-இல் அது திரும்பி வரும் என்று எழுதினார். 1758 கடைசியில் அது வந்தபோது அவர் இறந்து 16 வருடம்.

"கலிலியோ இறந்த ஆண்டிலேயே நியூற்றன் பிறந்தார்" என்பது பலருக்குப் பிடித்த தகவல். கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8, அது இத்தாலியின் புதிய நாட்காட்டிப்படி. நியூற்றன் பிறந்தது 1642 டிசெம்பர் 25, அது இங்கிலாந்தின் பழைய நாட்காட்டிப்படி. இரண்டையும் ஒரே நாட்காட்டியில் வைத்தால் நியூற்றனின் பிறப்பு 1643 ஜனவரி 4-க்குப் போய்விடும். கேள்வியைத் தூக்கிவிடுங்கள், அல்லது இந்தக் குழப்பத்தையே கேள்வியாக்குங்கள்.

பழைய கிரேக்க அறிஞர் எரத்தோசுதனீசு நிழலை வைத்துக் கணித்த புவிச் சுற்றளவைக் கிலோமீற்றரில் கேட்கவேண்டாம். அவர் சொன்னது 250,000 ஸ்தாடியம். ஒரு ஸ்தாடியம் எவ்வளவு நீளம் என்பதில் இன்றும் ஒற்றுமை இல்லை. "அலெக்சாந்திரியாவில் அவர் அளந்த கோணம் முழு வட்டத்தில் எத்தனையில் ஒரு பங்கு?" என்று கேளுங்கள். ஐம்பதில் ஒன்று, 7.2 பாகை.

பெண்களைப் பற்றிய கேள்விகளை ஒரு தனிச் சுற்றாக ஒதுக்குவது சரியில்லை, மற்றவற்றோடு கலந்து வையுங்கள். எட்டு வால்வெள்ளிகளைக் கண்ட கரோலின் ஹேர்ஷல், 1912-இல் ஒளி கூடிக் குறையும் ஒருவகை விண்மீன்களின் ஒளிக்கும் அது கூடிக் குறையும் காலத்துக்கும் உள்ள தொடர்பை எழுதிய ஹென்றியேற்றா லீவிற், 1925-இல் விண்மீன்கள் பெரும்பாலும் ஐதரசன் என்று காட்டிய சிசிலியா பெயின், 1967-இல் வானொலித் துடிப்பு அனுப்பும் விண்மீனை (பல்சர்) பதிவில் பிடித்த ஜோசலின் பெல். பெல் பற்றிய நல்ல கேள்வி: "இந்தக் கண்டறிதல் சார்ந்து 1974-இல் நோபல் பரிசு பெற்றவர் யார்?" அவருடைய மேற்பார்வையாளர் அன்ரனி ஹூவிஷ். பெல்லுக்குக் கிடைக்கவில்லை.

நம்முடைய பக்கக் கேள்விகள்

இந்தப் பகுதிக்குக் குறைந்தது பத்துக் கேள்வி ஒதுக்குங்கள். பிள்ளைகளின் கண் விரிவது இங்கேதான்.

"ஓடத்தில் முன்னே போகிறவனுக்குக் கரை மரங்கள் பின்னே ஓடுவதுபோல, நிலையான விண்மீன்கள் இலங்கையில் மேற்கே போவதாகத் தெரிகின்றன" என்ற பொருளில் ஆரியபட்டர் கி.பி. 499-இல் எழுதினார். அப்போது அவருக்கு 23 வயது. புவி சுழல்கிறது என்பதற்கான உவமை அது. கேள்வி: அங்கே சொல்லப்படும் இலங்கை எது? நம் நாடு என்று எழுதுகிறவர்களுக்குப் புள்ளி இல்லை. பழைய இந்திய வானியலில் "லங்கா" என்பது உச்சயினியின் நெட்டாங்கு நிலநடுக்கோட்டை வெட்டும் கணக்குப் புள்ளி. உச்சயினி ஏறத்தாழ 76 பாகை கிழக்கு, நாமோ 80-ஐ ஒட்டி நிற்கிறோம், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 6 முதல் 10 பாகை வரை. புள்ளி விழுவது கடலில்.

வீட்டில் பஞ்சாங்கம் இருக்கும் எந்தப் பிள்ளைக்கும் வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டும் தெரியும். வாக்கியம் என்றால் என்ன என்று கேட்டால்தான் மௌனம். சந்திரனின் 248 நாள் நிலைகளை மனப்பாடம் செய்வதற்கான 248 சொற்றொடர்கள் அவை. முதலாவது "கீர்ந: ச்ரேய:". எழுத்துக்கு எண் உண்டு. வடமொழிக் கவர்க்கத்தின் மூன்றாம் எழுத்துக்கு (இங்கே "கீ") 3, ந-வுக்கு 0, ர-வுக்கு 2, ய-வுக்கு 1. கூட்டெழுத்தில் கடைசி மெய்யை மட்டும் எடுக்கவேண்டும். 3, 0, 2, 1 என்று வரும். வலமிருந்து இடமாகப் படித்தால் 1203, அதாவது 12 பாகை 3 கலை (கலை என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு). சந்திரன் மிக மெதுவாக நகரும் நாளில் அது கடக்கும் தூரம் இது. எண்ணட்டவணையைப் பலகையில் எழுதிவிட்டு இரண்டாம் வாக்கியம் ஒன்றைக் கொடுத்து அவிழ்க்கச் சொல்லுங்கள். இதற்கு மட்டும் இரண்டு நிமிடம் தேவை.

இதன் தொடர்ச்சியாக ஒரு கேள்வி: 1825-இல் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் நிலத்தில் எதை அடுக்கி அந்த வருடச் சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினார்? சோழிகள். பார்த்து எழுதி வைத்தவர் சென்னையைச் சேர்ந்த ஜோன் வாறன். கிரகணத் தொடக்கத்தில் வந்த பிழை 4 நிமிடம். நடுவில் 23, முடிவில் 52 என்று பிழை வளர்ந்தது. எழுதிய தாள் ஒன்றும் இல்லை, எல்லாம் மனத்தில் இருந்த வாக்கியங்கள்.

இன்னும் சில, விளக்கம் சுருக்கமாக. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரியகிரகணத்தைப் பிரெஞ்சு வானியலாளர் யான்சென் பார்த்த இடம்: ஆந்திராவின் குண்டூர். ஈலியத்தின் கதை அந்தக் கிரகணத்தோடு தொடங்குகிறது, ஆனால் "ஈலியத்தை யான்சென் கண்டார்" என்று எழுதாதீர்கள். சூரிய ஒளியின் நிறமாலையில் தெரிந்த மஞ்சள் கோடு ஒரு புதிய தனிமத்தினுடையது என்று சொன்னது இங்கிலாந்தின் லொக்கியர் தரப்பு, புவியில் பிரித்தது 1895-இல் ராம்சே. செவ்வாயில் ஒரு பெருங்குழிக்குப் பெயராயிருக்கும் மோல்ஸ்வேர்த் வியாழனை வரைந்து குறித்த ஊர்: திருகோணமலை. அவர் பிறந்ததும் கொழும்பில்தான். 1983-இல் நோபல் பெற்ற சந்திரசேகரின் எல்லை (ஒரு வெண்குறு விண்மீனுக்கு இருக்கக்கூடிய அதிகத் திணிவு) சூரியத் திணிவின் எத்தனை மடங்கு: ஏறத்தாழ 1.4. புறநானூற்றின் 229-ஆம் பாட்டில் கூடலூர்கிழார் கண்ட வான்நிகழ்வு: எரிமீன் விழுதல், அரசனுக்குத் தீங்கின் அறிகுறியாக.

நிழல் சுற்று

இதற்கு வன்னியைப்போல வசதியான இடம் குறைவு. கிளிநொச்சியின் அகலாங்கு 9.4 பாகை வடக்கு. சூரியன் நம் தலைக்கு நேரே வருவது வருடத்தில் இரண்டு நாள்: ஏப்ரல் 14-ஐ ஒட்டி, பிறகு ஆகஸ்ட் 29-ஐ ஒட்டி. சித்திரை வருடப்பிறப்பு அன்று நடுப்பகலில் கிளிநொச்சியில் நட்ட கம்புக்கு நிழல் இல்லை என்பதே ஒரு கேள்விக்குப் போதும். ஆனால் அந்த நாளில் போட்டிக்கு ஒருவரும் வரமாட்டார்கள், பிற்பகலில் இடிமழையும் பிடிக்கும். ஆகஸ்ட் கடைசியே நல்லது. வானம் வறண்டிருக்கும். சோழகக் காற்றில் எழும் புழுதி மட்டும் தொந்தரவு.

தேவையானது ஒரு மீற்றர் நீளமான நேரான பீவீசீ குழாய், மேசன்மார் பாவிக்கும் தூக்குக்குண்டு, சமதளமான பலகை, வெள்ளைத் தாள், அடிமட்டம். குழாயைப் பலகையில் நிறுத்தி இரண்டு பக்கத்திலிருந்து தூக்குக்குண்டால் சரிபாருங்கள். ஒரு பாகை சாய்ந்தாலே நிழல் 1.7 சென்ரிமீற்றர் மாறிவிடும். கிளிநொச்சியில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கல்ல, 12 மணி 9 நிமிடத்துக்குக் கிட்ட. மன்னாரில் ஒன்றிரண்டு நிமிடம் பிந்தி, முல்லைத்தீவில் ஒன்றிரண்டு நிமிடம் முந்தி. 12 மணியிலிருந்து 12.20 வரை இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் நிழல் நுனியில் புள்ளி வைத்தால் மிகக் குறுகியது எது என்று தானே தெரியும்.

எரத்தோசுதனீசின் கணக்கைச் செய்ய இரண்டாவது ஊர் வேண்டும். வவுனியாவை எடுத்தால் பயனில்லை. அங்கே நிழல் ஒரு சென்ரிமீற்றர்தான், சூரிய வட்டமே அரைப் பாகை அகலம் என்பதால் நிழலின் ஓரமும் கிட்டத்தட்ட அவ்வளவுக்கு மங்கி நிற்கும். கிளிநொச்சிக்கு ஏறத்தாழ நேர் தெற்கே இருப்பது காலி. அங்கே ஒரு பாடசாலையோடு முன்கூட்டியே பேசி அதே நாளில் அதே மாதிரி அளக்கச் சொல்லுங்கள். நிழல் 5.8 சென்ரிமீற்றர் அளவில் வரும், தெற்கே விழும். அதை 0.573-ஆல் (ஒரு மீற்றர் கம்பின் சிறு நிழலைச் சென்ரிமீற்றரிலிருந்து பாகைக்கு மாற்றும் எண்) பெருக்கினால் 3.32 பாகை. இரண்டு ஊருக்கும் நேர்க்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 370 கிலோமீற்றர். 370-ஐ 3.32-ஆல் வகுத்து 360-ஆல் பெருக்கினால் 40,000-ஐத் தொடும். ஏ9 வீதிக் கற்களைக் கூட்டித் தூரம் எடுக்கும் அணியின் விடை கட்டாயம் பிழையாகும், வீதி வளைந்து போகிறது. நிழலில் 3 மில்லிமீற்றர் குறைந்தால் விடை 2,000 கிலோமீற்றர் கூடும். புள்ளி கொடுக்கும்போது விடையைவிட, பிழை எங்கிருந்து வந்தது என்று சொல்லும் அணிக்குக் கூடக் கொடுங்கள்.

எரத்தோசுதனீசின் கணக்குக்கு அடிப்படையான, எகிப்தின் சயீன் ஊரின் கிணற்றில் சூரியன் அடிவரை தெரிந்தது என்ற கதையைச் சொன்னதும் பிள்ளைகள் நம் கிணற்றுக்கு ஓடுவார்கள். மறியுங்கள். தண்ணீரில் தெரியும் சூரியன் கண்ணைக் கெடுக்கும். போதாதற்கு, குனிந்து பார்க்கிறவரின் தலையே சூரியனை மறைத்துவிடும்.

வான் சுற்று

போயா நாள் விடுமுறை என்பதால் இரவு நிகழ்ச்சிக்கு அதையே தெரிவு செய்கிறார்கள். முழுநிலவில் பால்வீதி காணாமல் போகும். அமாவாசையை ஒட்டிய நாளே வேண்டும். நிழல் சுற்றின் திகதி ஆகஸ்ட் 29-ஐச் சுற்றி நிற்கவேண்டும் என்பதால், நிலவு ஒத்துவராத வருடத்தில் வான் சுற்றை வேறு இரவுக்குத் தள்ளுங்கள், இரண்டையும் ஒரே நாளில் அடைக்க வேண்டாம். வீதி விளக்கில்லாத விளையாட்டுத் திடல் போதும். யானை நடமாடும் குளக்கரையும் வயல்கரையும் வேண்டாம். ரோச் லைற்றில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். கைபேசிகளை வாங்கி வைத்துவிடுங்கள். ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் மறுபடி இருளுக்குப் பழக இருபது நிமிடம் பிடிக்கும்.

ஏழரைக்குத் தொடங்கி, மேற்கே தாழ்ந்திருக்கும் சித்திரை விண்மீனை முதலில் காட்டுங்கள். எட்டு மணிக்குள் அது பனை வட்டுக்குள் போய்விடும். கேள்வி: இந்த விண்மீனின் இடத்தை ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய அளவோடு ஒப்பிட்டுப் பழைய கிரேக்க வானியலாளர் இப்பார்க்கசு எதைக் கண்டறிந்தார்? புவியச்சின் தலையாட்டம், நம் பஞ்சாங்கத்தில் அயனாம்சமாக நிற்பது. சூரியன் நிலநடுக்கோட்டைக் கடப்பது மார்ச் 20-ஐ ஒட்டி, நம் வருடப்பிறப்பு ஏப்ரல் 14-இல். அந்த இடைவெளிக்கும் இதுவே காரணம்.

அதற்கு மேலே சுவாதி. 1718-இல் ஹாலி இதன் பழைய நிலையையும் புதிய நிலையையும் ஒப்பிட்டு, நிலையானவை எனப்பட்ட விண்மீன்களும் நகர்கின்றன என்றார். வடக்கே உயர்ந்து நிற்கும் அபிஜித், 1850-இல் ஒளிப்படத்தில் பிடிபட்ட முதல் விண்மீன், சூரியனைத் தவிர. தலைக்கு மேலே பால்வீதி: அது எண்ணற்ற விண்மீன்களின் கூட்டம் என்று 1610-இல் தொலைகாட்டியால் காட்டியவர் யார்? இங்கே கலிலியோ என்றே எழுதலாம்.

துருவ விண்மீனைக் காட்டச் சொல்லும் கேள்வி வேண்டாம். நம்மிடத்தில் அது அடிவானத்திலிருந்து 9 பாகைதான், மரங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

மண்டபமும் நடுவர் மேசையும்

மணியடித்து விடை சொல்லும் முறையைவிட எழுதிக் கொடுக்கும் முறை நல்லது. கரன்ட் போனாலும் போட்டி நிற்காது, யார் முந்தியது என்ற வழக்கும் வராது. ஏ4 தாளை எட்டாகக் கிழித்தால் ஒரு தாள் எட்டு விடைக்குப் போதும். 40 கேள்வி, ஆறு அணி என்றால் 30 தாள், கையிருப்போடு 40.

வாசிப்பவர் முதல் நாளே கேள்விகளை உரத்து வாசித்துப் பழகவேண்டும். "தொலைகாட்டி"யை வேகமாக வாசித்தால் பின்வரிசைக்குத் "தொலைக்காட்சி" என்றே கேட்கும். அந்தச் சொல் வரும்போது நிறுத்தி வாசியுங்கள். பெயர்களில் எழுத்துக்கூட்டல் பார்த்துப் புள்ளி வெட்டாதீர்கள். நியூற்றன், நியூட்டன், நியூடன் மூன்றும் ஒருவரே. ஆனால் வில்லியம் ஹேர்ஷலா, கரோலினா, மகன் ஜோனா என்று தெரியாமல் "ஹேர்ஷல்" என்று மட்டும் எழுதினால் அரைப் புள்ளி. இந்த விதியைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடவேண்டும்.

நடுவர் இருவர், பதிவாளர் ஒருவர். முறைப்பாட்டை அந்தச் சுற்று முடியும் முன் எழுத்தில் தரவேண்டும். அணி சொல்வது நியாயமாகத் தோன்றி, நடுவரால் அங்கேயே தீர்க்கமுடியாவிட்டால், விவாதம் வளர்க்காமல் அந்தக் கேள்வியை எல்லா அணிக்கும் நீக்கிக் கையிருப்பிலிருந்து ஒன்றைப் போடுங்கள். கையிருப்புப் பத்தும் அதற்குத்தான்.

சமநிலை வந்தால் எண்விடைக் கேள்வி, கிட்ட வருபவருக்கு வெற்றி. உதாரணம்: ஹாலி வால்வெள்ளி 1986 பெப்ரவரி 9-இல் சூரியனுக்கு மிக அருகே வந்தது, அடுத்து 2061 ஜூலை 28-இல் வரும் எனக் கணிக்கப்பட்டிருக்கிறது. இடையில் எத்தனை நாள்? கணிப்பான் இல்லாமல் இரண்டு நிமிடம். விடை 27,563. லீப் வருடங்கள் 19-ஐக் கூட்ட மறக்கும் அணி 27,544 என்று எழுதும்.